கடை அம்மா

செப்டம்பர் 9

என்னங்க,

ஞாயிற்றுக்கிழமை நான் போனை வைத்த பிறகு பாப்பா எப்படி அழுதாள் என்று நீங்கள் எழுதாமலே இருந்திருக்கலாம். படித்துவிட்டு இங்கே நானும் அழுதேன். அங்கே அவள், இங்கே நான், நல்ல கூட்டுதான்.

உங்கள் அண்ணி சொல்வது சரியென்றுதான் படுகிறது. இரண்டு வயசுக் குழந்தைக்குக் குரல் மட்டும் வந்து ஆள் வராவிட்டால் என்ன புரியும்? பக்கத்து வீட்டுக்காரர் போனைத் தலைகீழாகப் பிடித்து, அதற்குள் நான் இருக்கிறேனா என்று உதறிப் பார்த்தாளாமே. அதை நினைத்தால் வகுப்பில் எழுத்தே ஓடவில்லை. சரி, இனிமேல் போன் வேண்டாம். சுவரில் இருக்கும் நம் போட்டோவையும் அண்ணி சொன்னபடி எடுத்து பீரோவில் வைத்துவிடுங்கள். இரண்டு வருஷப் படிப்புதானே, கடிதத்திலேயே ஓட்டிவிடலாம். ஆனால் ஒன்று, இது நாம் மூன்று பேரும் சேர்ந்து எடுத்த முடிவு. பின்னால் யாரும் யாரையும் குறை சொல்லக்கூடாது.

நான் தங்கியிருக்கும் வீடு நல்ல வீடு. வீட்டம்மா பல் டாக்டரிடம் உதவிக்கு இருக்கிறார். அவர் கணவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ‘விருந்தாளி இல்ல, நீ வீட்டு ஆளு’ என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். வீட்டு ஆள் என்றால் சனிக்கிழமை கடைக்கும் கூடப் போக வேண்டுமாம். அதை வைத்து ஒரு யோசனை. ஒவ்வொரு கடிதத்திலும் கடைசிப் பக்கத்தைப் பாப்பாவுக்கு என்று எழுதுகிறேன். சாப்பிடும்போது படித்துக் காட்டுங்கள்.

பாப்பா, அம்மா இன்னைக்கு ஒரு பெரிய கடைக்குப் போனேன். அங்க நம்ம தெருக்கடை மாதிரி எடுத்துக் குடுக்க ஆளே கிடையாது. நாமளே எடுத்துக்கணும். ஒரு கம்பி வண்டி தருவாங்க. அதுக்கு நாலு சக்கரம். மூணு சக்கரம் சமத்து. ஒண்ணு மட்டும் சொன்ன பேச்சே கேக்காது, உன்னை மாதிரி. டிரைவர் தாத்தா அந்த வண்டிய பஸ் மாதிரியே ஓட்டுறாரு. திருப்பத்துல நிறுத்தி ரெண்டு பக்கமும் பாக்குறாரு. தக்காளிய அமுக்கிப் பாக்கக் கூடாதாம். அம்மா அமுக்கிட்டேன். வீட்டம்மா முறைச்சாங்க. அம்மா தக்காளிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன்.

அக்டோபர் 2

டீச்சரம்மாவுக்கு,

கடிதம் வந்தது. கடைசிப் பக்கம் அமோக வெற்றி. நம் சுண்டெலி வாயில் சோற்றை வைத்துக்கொண்டு விழுங்க மறந்து கேட்டாள். முடிந்ததும் ‘மறுபடி’ என்றாள். மறுபடி படித்தால் அதற்கும் ‘மறுபடி’.

நீ எழுதியது ஒரு பக்கம், நான் சொன்னது ஒன்பது பக்கம். சொன்ன பேச்சுக் கேட்காத சக்கரத்துக்கு ஒரு குரல் கொடுத்தேன். என் பட்டறையில் மோட்டாரின் கம்பிச்சுருள் எரியும்போது ஒரு முனகல் வருமே, அந்தக் குரல். தக்காளி உன்னை மன்னிக்கவில்லை. வண்டியிலிருந்து குதித்து ஓடியது. நீ துரத்தினாய், டிரைவர் தாத்தா ஹாரன் அடித்தார். கோபித்துக்கொள்ளாதே. கதை என்றால் உப்பு புளி போட்டால்தான் இறங்கும்.

ஒரு வாரமாக அழுகையே இல்லை. அண்ணி தைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, “இதையே விடாம எழுதச் சொல்லுங்க தம்பி, சோறு ஊட்டற பாடு எனக்கு மிச்சம்” என்றார். அண்ணியின் பையன்கள் இரண்டு பேரும் வீட்டுப்பாடத்தைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். கதைக்குப் பாப்பா பேரும் வைத்துவிட்டாள், ‘கடை அம்மா’ கதை. நான் சாப்பிடக் கையைக் கழுவினால் போதும், “கடை அம்மா சொல்லு” என்று மடியில் வந்து விழுகிறாள்.

போனை நிறுத்தியது எவ்வளவு நல்லதாகப் போயிற்று பார். நீ நிம்மதியாகப் படி.

ஜனவரி 16

என்னங்க,

அவள் அழவில்லை என்பதில் எனக்குப் பாதி நிம்மதி. மீதிப் பாதியை என்னவென்று சொல்ல? தாய்க்கு எதிலும் திருப்தி கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வீட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. வீட்டுக்கு வேண்டியதெல்லாம் வண்டியில் போட்ட பிறகு, வீட்டம்மா ஒவ்வொருவரையும் பார்த்து, “உனக்குன்னு ஒண்ணு எடு” என்பார். என்ன, ஏன் என்று கேட்கமாட்டார். டிரைவர் ஐயா எப்போதும் வேர்க்கடலை. வீட்டம்மா பூ விதைப் பொட்டலம். நான் ஒரு வாரம் பூப்போட்ட ஹேர்பேண்ட் எடுத்தேன். அடுத்த வாரம் மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டி ஸ்பூன். அறைக்குக் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். எல்லாம் நம் பாப்பாவுக்கு.

இதில் வேடிக்கை கேளுங்கள். அந்த ஸ்பூனில்தான் எனக்குச் சாப்பிட வரும் போலிருக்கிறது என்று நினைத்து, வீட்டம்மா அதே மாதிரி ஒன்று வாங்கி வந்து என் தட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டார். நான் அதிலேயே சாப்பிட்டு முடித்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று.

சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எனக்குக் குழந்தை இருக்கிறது என்று இவர்களிடம் நான் சொல்லவே இல்லை. சொன்னால், ‘யாரு பாத்துக்கறாங்க’ என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லும்போது குரல் உடைந்துவிடும். வந்த இடத்தில் எதற்கு அழுமூஞ்சி என்று பெயர் வாங்க வேண்டும்?

ஒன்று கேட்கிறேன், பதில் எழுதுங்கள். அவள் என்னைக் கேட்கிறாளா? கடை அம்மாவை இல்லை. அம்மாவை. சும்மா அம்மாவை.

(கடைசிப் பக்கம் தனித்தாளில் இருக்கிறது. இந்த வாரம் ரொட்டிகள் வரிசையில் நிற்கும் கதை. உப்பு புளி கொஞ்சம் குறைவாகப் போடுங்கள்.)

மார்ச் 5

டீச்சரம்மாவுக்கு,

வெயில் ஆரம்பித்துவிட்டது. ஊரில் இருக்கிற கிணற்று மோட்டார்கள் எல்லாம் ஒன்றுகூடிப் பேசி வைத்துக்கொண்டு எரிகின்றன. பட்டறையில் காலை வைக்க இடமில்லை. கம்பி சுற்றிச் சுற்றி விரலெல்லாம் தழும்பு. அதனால்தான் பதில் தாமதம்.

ரொட்டிக் கதை சக்கைப் போடு போட்டது. உப்பு புளியைக் குறைக்கச் சொன்னாய், முடியவில்லை. ரொட்டிகள் சண்டை போட்டுக்கொண்டன.

பாப்பா படம் வரைந்திருக்கிறாள், இதோடு வைத்திருக்கிறேன். கடை அம்மாவாம். நான்கு கை இருக்கிறது பார். ஏன் என்று கேட்டேன். “ரெண்டு கை வண்டி தள்ள, ஒரு கை தக்காளி எடுக்க” என்றாள். நாலாவது எதற்கு என்றால், “மூக்கு சொறிய வேண்டாமா?” என்கிறாள். என் பெண் அல்லவா, யோசித்துத்தான் வரைந்திருக்கிறாள். உன் மூக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகிவிட்டது.

மற்றபடி எல்லாரும் சுகம். அண்ணன் சின்னவனைப் பள்ளி மாற்றியிருக்கிறார். அடைமழைக்கு முன் ஓடு மாற்ற வேண்டும்.

ஜூலை 14

என்னங்க,

மோட்டார் எரிந்தது தெரிந்தது. ஓடு மாற்றுவது தெரிந்தது. சின்னவன் பள்ளி மாறியது தெரிந்தது. நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. ஜனவரியிலிருந்து ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறேன். கேட்ட இடத்தைத் தாண்டிக் குதித்து அடுத்த வரிக்குப் போய்விடுகிறீர்கள். உங்களோடு குடித்தனம் பண்ணியவள் நான். நீங்கள் எதையாவது மறைத்தால் கடிதம் நீளமாகும் என்று எனக்குத் தெரியாதா?

நான் வந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது. ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறேன். டிரைவர் ஐயா எடுத்தது. கம்பி வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். தலை வாரி, அவளுக்குப் பிடித்த நீலப் புடவை கட்டி, ஜூலையிலும் போகாத இந்த ஊர்க் குளிரில் கோட்டைக் கழற்றிவிட்டு நின்றேன். அவளிடம் காட்டுங்கள். காட்டிவிட்டு அவள் என்ன சொல்கிறாளோ அதை அப்படியே எழுதுங்கள். உப்பும் வேண்டாம், புளியும் வேண்டாம்.

இந்தத் தடவை கடைசிப் பக்கம் இல்லை. பதில் வந்தால் கதை வரும்.

ஆகஸ்ட் 6

டீச்சரம்மாவுக்கு,

அப்படியே எழுதுகிறேன்.

உன் போட்டோவை நான்கு நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். நேற்று சாயங்காலம் அவளை மடியில் உட்காரவைத்துக் காட்டினேன்.

“யாருப்பா இது?”

“நீயே சொல்லு.”

“டீச்சரா?”

“கடை அம்மா.”

சிரித்தாள். “போப்பா, பொய். கடை அம்மாக்கு நாலு கை.”

நான் சொன்னேன், “இதுதாண்டா உன் அம்மா.”

என்னையே பார்த்தாள். பிறகு மடியிலிருந்து இறங்கித் தையல் மெஷின் பக்கம் போய், அண்ணி முந்தானையைப் பிடித்துக்கொண்டு, “ம்மா, அப்பா பொய் பொய்யா சொல்றாரும்மா” என்றாள்.

மெஷின் நின்றுவிட்டது. அண்ணி தலையைத் தூக்கவே இல்லை.

அண்ணிமேல் தப்பில்லை. இந்த வீட்டில் காலையிலிருந்து ராத்திரி வரை இரண்டு பையன்கள் ‘அம்மா அம்மா’ என்று கத்துகிறார்கள். அதைக் கேட்டுத்தான் இவளும் ஆரம்பித்தாள். போன மழைக்காலத்திலேயே. “பெரியம்மா சொல்லுடி” என்று அண்ணி சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். ஒருநாள் கோபமாகச் சொல்லிவிட்டார். அன்றைக்கு இவள் கதவு மூலையில் நின்று, “அண்ணனுங்களுக்கு மட்டும் அம்மாவா?” என்று கேட்டாள். அதற்கு மேல் அண்ணியால் திருத்த முடியவில்லை. நேற்று அண்ணி சாப்பிடவில்லை. “அவ முகத்துல நான் எப்படி முழிப்பேன் தம்பி” என்று உன்னை நினைத்து அழுகிறார்.

நீ ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். எழுதியிருந்தால் படிப்பைப் போட்டுவிட்டு வந்திருப்பாய். நாம் இரண்டு பேரும் ஆசைப்பட்ட படிப்பு. காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சு வரவைக்க நம் பக்கத்தில் வேறு ஆள் இல்லை, போ என்று உன்னை ஏற்றிவிட்டவன் நான். அதனால் எழுதவில்லை. வந்திருந்தாலே நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

செப்டம்பர் 20

போன் பண்ணக்கூடாது என்று வைத்த சட்டத்தை நானே உடைத்தேன். உங்களுக்குத் தெரிந்திருக்காது. அல்லது தெரிந்தும் எழுதவில்லையோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் வீட்டுக்கு அடித்தேன். அவர் எடுத்து, “இருங்க, கூப்பிடறேன்” என்றார். கொலுசுச் சத்தம் கேட்டது. அவள்தான் முதலில் ஓடிவந்துவிட்டாள்.

“ஹலோ, யாரு பேசறீங்க?”

எவ்வளவு தெளிவு, எவ்வளவு மரியாதை. நான் விட்டுவிட்டு வரும்போது மழலையாக நாலு வார்த்தைதான் பேசுவாள். ஒரே ஒரு சொல் சொன்னேன்.

“அம்மா.”

“அம்மாவா? அம்மா தைக்கறாங்க. லைன்லயே இருங்க, கூட்டிட்டு வரேன்.”

போனை மேசைமேல் வைத்துவிட்டு ஓடிவிட்டாள். அண்ணி வந்து, “யாருங்க?” என்றார். நான் போனை வைத்துவிட்டேன். அது நான்தான் என்று அண்ணியிடம் சொல்லிவிடுங்கள். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபப்பட எனக்கு என்ன தகுதி இருக்கிறது? போன் வேண்டாம் என்று நானும்தானே தலையாட்டினேன். கேட்டுக் கேட்டுத்தான் குழந்தைக்குத் தாயின் குரல் பதியும், ஒரு நாளும் விடக்கூடாது என்று இங்கே வகுப்பில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பரீட்சையில் எனக்கு அதில்தான் முதல் மார்க்.

கோபம் உங்கள்மேல்தான். நான் உங்களுக்கு அனுப்பியது என்னை. நீங்கள் அவளிடம் கொடுத்தது ஒரு கதை. நாலு கை வைத்து, தக்காளியைத் துரத்த வைத்து, என்னை ஒரு கோமாளி ஆக்கி அவள் மடியில் போட்டீர்கள். செத்துப்போனவர்களைத்தான் இப்படிக் கதையில் வைப்பார்கள். நான் உயிரோடுதானே இருந்தேன்?

கடைசிப் பக்கம் இனிமேல் கிடையாது. நான் கடைக்கும் போவதில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 3

டீச்சரம்மாவுக்கு,

நீ திட்டியது அத்தனையும் நான் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். பதில் சொல்லப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். நான் உப்பு புளி போட்டது அவளுக்காக மட்டும் இல்லை. உன் கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிடும். முடிந்துவிட்டால் வீட்டில் நீ இல்லை. அதனால் இழுத்தேன்.

கதை வருவது நின்றதும் பாப்பா சாப்பாட்டில் மறுபடி தகராறு. நானே ஒரு கதை ஜோடித்துச் சொன்னேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். “இது நீயா சொல்றது. கடை அம்மா தக்காளிய அமுக்கினா மன்னிப்புக் கேப்பாங்க. இவங்க கேக்கல.” எவ்வளவு இட்டுக்கட்டினாலும் உன்னுடையது எது, என்னுடையது எது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதை உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

இன்னொன்றும் எழுத வேண்டும். எழுதலாமா என்று யோசித்தேன். மறைத்து மறைத்துத்தான் இந்த நிலை, அதனால் எழுதுகிறேன்.

நேற்று அவளைக் கூட்டிக்கொண்டு தெருக்கடைக்கு வெங்காயம் வாங்கப் போனேன். விரலைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தவள் திடீரென்று கேட்டாள்.

“கடை அம்மாகூட யாருப்பா போவாங்க?”

“வீட்டம்மா, டிரைவர் தாத்தா.”

“அவங்க பெரியவங்க. பாப்பா யாரும் போக மாட்டாங்களா?”

நான் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

“அவங்களுக்குப் பாப்பா இல்லையாப்பா?”

கடைக்காரர் எவ்வளவு வேண்டும் என்று கேட்டார். என்ன வாங்க வந்தேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது. அவள் அதற்குள் முகத்தைச் சுருக்கி, “பாவம்ப்பா அவங்க” என்றாள்.

கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவைத்தேன். ஐந்து நிமிஷத்தில் மறந்துவிடுவாள் என்று நினைத்தேன். மறக்கவில்லை. இன்று காலையில் பல் தேய்க்கும்போதே, “கேட்டியா?” என்கிறாள். நான் என்ன சொல்லட்டும்? நீ சொல்வதை அப்படியே சொல்கிறேன். ஒரு சொல்லும் கூட்ட மாட்டேன்.

நவம்பர் 24

என்னங்க,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் துணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டேன். படிப்பு போனால் போகட்டும், முடித்ததும் கிடைக்கும் பள்ளி வேலை போனால் போகட்டும், கிளம்பிவிடலாம் என்று. பாதி அடுக்கும்போது கை நின்றுவிட்டது. நாளைக்கே வந்து இறங்கினால் அவளுக்கு நான் யார்? ஒரு குழந்தையை அதன் அம்மா முந்தானையிலிருந்து பிடுங்க வந்தவள். கத்துவாள். பழைய அழுகையாவது எனக்காக அழுதது. இது என்னைப் பார்த்து அழுவதாக இருக்கும். அண்ணி ஒரு பக்கம் அழுவார். யாரை ஜெயிக்க நான் வர வேண்டும்?

அதனால் ஜூனில் முடித்துவிட்டே வருகிறேன். வந்தாலும் அவசரப்பட மாட்டேன். இதுதான் உன் அம்மா என்று யாரும் அவளிடம் சொல்ல வேண்டாம். அண்ணியை ‘அம்மா’ என்று கூப்பிடுவதையும் யாரும் திருத்த வேண்டாம். அண்ணியிடம் இதை என் வார்த்தையாகவே சொல்லுங்கள்.

சனிக்கிழமை கடைக்குப் போனேன். வீட்டம்மா வழக்கம்போல, “உனக்குன்னு ஒண்ணு எடு” என்றார். சோப்பு அடுக்கியிருக்கும் இடம். எதையும் எடுக்கத் தோன்றவில்லை. “எனக்கு ஒரு பொண்ணு இருக்கா” என்று சொன்னேன். ஒன்றரை வருஷத்தில் முதல் தடவை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எத்தனை வயசு?” என்று கேட்டார். “ரெண்டு” என்று வாயில் வந்துவிட்டது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்துத் திருத்தினேன். நாலு ஆகப்போகிறது. டிரைவர் ஐயா வண்டியை ஓரங்கட்டிவிட்டு, ஆட்கள் இடித்துக்கொண்டு போனாலும் நகராமல், நான் அழுது முடிக்கும் வரை நின்றார்.

இதோடு கடைசிப் பக்கம் வைத்திருக்கிறேன். கோபத்தில் நிறுத்திவிட்டேன், தப்பு. இனி வாரம் தவறாமல் எழுதுகிறேன். உப்பு புளி உங்கள் இஷ்டம், தாராளமாகப் போடுங்கள். நாலு கையும் இருக்கட்டும்.

அவள் கேட்ட கேள்விக்கு, இல்லை என்று சொல்லிவிடுங்கள். கடை அம்மாவுக்குப் பாப்பா இல்லை. இருக்கிறாள் என்று சொன்னால், ‘அப்ப ஏன் விட்டுட்டுப் போனாங்க’ என்று அடுத்ததாகக் கேட்பாள். அதற்கு உங்களிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. அந்தப் பாப்பாவுக்காக அழுவாள், கடை அம்மாவை வெறுப்பாள். இல்லை என்றால் ‘பாவம்’ என்று சொல்வாள், அவ்வளவுதான். அவளிடமிருந்து எனக்கென்று வருவது இப்போதைக்கு அந்த ஒரு சொல்தான். அதை மட்டும் கெடுத்துவிடாதீர்கள்.